செல்லாக்காசு சொல்லும் சேதி



"வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பொறியாளனுக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நம்ம பசங்க சிரிப்பது காதில் விழுகிறது. கவலை வேண்டாம். தராசில் எடை போட்டுப் பார்க்கக்கூடிய வரலாறு ஒன்று இருக்கிறது. அது உங்கள் வீட்டுப் பரணிலும், அம்மாச்சியின் சுருக்குப்பையிலும், கம்பம் பள்ளத்தாக்கின் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கிறது. பழைய காசுகளைச் சொல்கிறேன்.

நம் பேச்சைக் கவனித்தாலே போதும். "காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை", "கையில சல்லிக்காசு கிடையாது", "துட்டு இருக்கா?", "அவன் ஒரு செல்லாக்காசு" என்றெல்லாம் இன்றும் சொல்கிறோம். காலணா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பேச்சில் மட்டும் செலாவணியாகிக்கொண்டே இருக்கிறது. 'துட்டு' டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக்காசிலிருந்து வந்தது. பதிலுக்கு நம்ம 'காசு' போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த செப்பு நாணயங்களின் பெயரில் 'கேஷ்' என்று ஏறிக்கொண்டது. பத்து கேஷ், இருபது கேஷ் நாணயங்களை இங்கிலாந்தில் மேத்யூ போல்டன் தன் நீராவி இயந்திர அச்சில் அடித்துக் கப்பலேற்றினார். 1808 என்று தேதியிட்ட காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. 1980-களில் மூழ்கு வீரர்கள் அந்தக் காசுகளை அள்ளி வந்தார்கள். நம் தாத்தாக்களின் கைக்கு வந்திருக்க வேண்டிய சில்லறை இன்று உலகம் முழுவதும் சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் செட் நண்பர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். அங்கே சிலர் வங்கிக்குப் போய், காகிதத்தில் சுருட்டிய ஒரு சென்ட் நாணய உருளைகளை வாங்கி வருவார்களாம். ஓர் உருளையில் 50 காசு. வீட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் தேதி பார்ப்பார்கள். 1982-க்கு முந்தைய சென்ட்டில் 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். அந்த வருஷம் நடுவில் மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு வந்தது துத்தநாகம்தான், மேலே செப்பு முலாம், எடை 2.5 கிராம். பழைய காசில் உள்ள செம்பின் விலை அதன் முகமதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதனால் செம்பைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை வங்கியிலேயே திருப்பிக் கட்டிவிடுவார்கள். இடையிடையே 1959-க்கு முந்தைய கோதுமைக் கதிர் போட்ட சென்ட் அகப்பட்டால் அன்றைக்குத் தீபாவளி. உருக்க முடியாது, 2006 டிசம்பரில் அரசாங்கம் தடை போட்டுவிட்டது. 2025 நவம்பரில் பிலடெல்பியா நாணயச் சாலை புழக்கத்துக்கான கடைசி சென்ட்டையும் அடித்து முடித்துவிட்டது.

"வேலை இல்லாதவங்க வேலை" என்று நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே வேலையை நம் ஊர் மக்கள் பல தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். உருளைக்குப் பதிலாக முந்தானை முடிச்சு, வங்கிக்குப் பதிலாகச் சந்தை, அவ்வளவுதான்.

காசுக்கு இரண்டு மதிப்பு. ஒன்று அரசாங்கம் முகத்தில் அச்சடித்த மதிப்பு. இன்னொன்று உடம்பிலுள்ள உலோகத்தின் மதிப்பு. முகம் பெரிதாக இருக்கும்வரை காசு கைமாறும். உடம்பு பெரிதாகிவிட்டால் காசு ஒளிந்துகொள்ளும். கல்லாவில் சில்லறை இருக்காது, கன்னார் பட்டறை அடுப்பில் இருக்கும். பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் கிரெஷாம் விதியோடு சேர்த்துப் பேசுவார்கள். நம் பாட்டிமார் விதியைப் படிக்காமலேயே நல்ல காசை எடுத்து வைத்துக்கொண்டு தேய்ந்த காசைச் செலவழித்தார்கள்.

ஒரு ரூபாய்ச் சில்லறையின் எடை

இப்போது கொஞ்சம் கணக்கு. பொறியியல் மாணவர்கள் கால்குலேட்டரை எடுக்கலாம்.

1835-இல் கம்பெனி அரசு நாடு முழுவதற்கும் ஒரே நாணய முறையைக் கொண்டுவந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, ஆக ரூபாய்க்கு 64 காலணா. அன்றைய காலணா சுத்தச் செம்பு, 100 கிரெய்ன், அதாவது 6.48 கிராம். ஒரு ரூபாய்க்குச் சில்லறை மாற்றினால் கையில் சுமார் 415 கிராம் செம்பு. கிட்டத்தட்ட அரைக் கிலோ! ஒரு சின்னச் செம்பே செய்துவிடலாம்.

1906 நாணயச் சட்டத்துக்குப் பிறகு செம்பு போய் வெண்கலம் வந்தது. காலணா 75 கிரெய்ன் ஆயிற்று. ஒரு ரூபாய்ச் சில்லறை 311 கிராம்.

1943-இல் வந்தது ஓட்டைக் காலணா. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, தோட்டா உறைக்கும் மின்கம்பிக்கும் செம்பு வேண்டியிருந்தது. காசின் நடுவில் பெரிய வட்டத்தைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். எடை 2 கிராமுக்குச் சற்றுக் கீழே. ஒரு ரூபாய்ச் சில்லறை சுமார் 124 கிராம். அதே 1943-இல் அமெரிக்காவும் செம்பை மிச்சம் பிடிக்க, துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் சென்ட் அடித்தது. ஒரே போர், ஒரே பற்றாக்குறை. அவர்கள் உலோகத்தை மாற்றினார்கள், நமக்கு நடுவில் ஓட்டை போட்டார்கள். நம் பெரியவர்கள் அதையும் வீணாக்கவில்லை. குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்தார்கள். வண்டிப் பட்டறைகளில் வாஷராகவும் போட்டார்கள் என்று சொல்வார்கள்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. ஒரு நயா பைசா வெண்கலத்தில் 1.5 கிராம். ஒரு ரூபாய்ச் சில்லறை 150 கிராம். 1964-இல் 'நயா' என்ற அடைமொழி போயிற்று, 1965 வாக்கில் செம்பும் போயிற்று. சதுர வடிவ அலுமினிய ஒரு பைசா முக்கால் கிராம், ஊதினால் பறக்கும். ஒரு ரூபாய்ச் சில்லறை 75 கிராம்.

2011-இல் அறிமுகமான ஒரு ரூபாய் எவர்சில்வர் நாணயத்தின் எடை 3.79 கிராம். 415 கிராம் செம்பில் தொடங்கிய கதை 4 கிராம் எஃகுக்கும் குறைவாக வந்து நிற்கிறது. விலைவாசி என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை உடம்பின் மதிப்பு முகத்தை எட்டும்போதும் அரசாங்கம் காசை இளைக்க வைத்தது. மக்கள் பழைய, கனத்த காசை எடுத்து ஒளித்தார்கள். அப்படி ஒளித்ததில் பெரும்பகுதி குடமாகவும் குத்துவிளக்காகவும் மாறிப் போயிற்று. மிச்சம்தான் இன்று நம் வீட்டு டப்பாக்களில் கிடப்பது.

வெள்ளி கொலுசான கதை

செம்புக்கு நடந்தது வெள்ளிக்கு இன்னும் வேகமாக நடந்தது. பழைய ரூபாய் 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதன் எடைதான் ஒரு தோலா. அதனால் ரூபாயே எடைக்கல்லாகவும் இருந்தது. சென்னை மாகாணத்தில் 3 ரூபாய் எடை ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. நாட்டு மருந்துச் சீட்டில் "ஒரு ரூபாய் எடை" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விலையைச் சொல்லவில்லை, எடையைச் சொல்கிறது!

முதல் உலகப் போரின்போது வெள்ளி தட்டுப்பட்டது. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு அச்சிட்டார்கள். 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு இந்தியாவுக்கு வெள்ளி விற்றது. இரண்டாம் போரில் நிலைமை இன்னும் மோசம். 1940-இல் மக்கள் ரூபாய்களைப் பதுக்க ஆரம்பித்தார்கள். தேவைக்கு மேல் நாணயம் வைத்திருப்பது குற்றம் என்று அரசு அறிவித்தது. புதிய ரூபாயில் வெள்ளி பாதிதான்; மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். பிறகு 1940-களின் தொடக்கத்தில் விக்டோரியா ராணி ரூபாய், எட்வர்ட் ராஜா ரூபாய், ஜார்ஜ் ராஜா ரூபாய் என்று பழைய வெள்ளியை ஒவ்வொன்றாகச் செல்லாது என்றார்கள். 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழு நிக்கல். 1947 ரூபாயின் பின்புறம் புலி நிற்கும்.

நம் பள்ளத்தாக்கின் பெண்கள் அரசாங்கத்தை நம்பவில்லை, ஆசாரியை நம்பினார்கள். செல்லாத ரூபாய் கொலுசாயிற்று, தண்டையாயிற்று, அரைமூடியாயிற்று. மகளின் கல்யாணத்துக்கு ஒரு காலும், வயல் கிரயத்துக்கு இன்னொரு காலும் போயிற்று. எங்கள் அம்மாச்சி சொல்வார்: "ராணி துட்டு குடுத்தா ஆசாரி கேள்வியே கேக்க மாட்டாரு. புலி துட்டு குடுத்தா மூஞ்சியச் சுளிப்பாரு." ரசாயனம் படிக்காத அம்மாச்சிக்கு நாணயத்தின் உலோகக் கலவை அத்துப்படி.

மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கு

இதுவரை சொன்னது தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் பள்ளத்தாக்குக்கு மட்டுமே உரிய சங்கதி ஒன்று உண்டு.

கூடலூரிலிருந்து குமுளி ஏறினால், போடியிலிருந்து போடிமெட்டு ஏறினால், அந்தப் பக்கம் திருவாங்கூர் சமஸ்தானம். அங்கே தனி நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவாங்கூர் ரூபாய். ஆக அவர்கள் ரூபாய்க்கு 28 சக்கரம். நம் பக்கத்துப் பிரிட்டிஷ் ரூபாயைக் கொடுத்தால் இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்துக்காக எத்தனை பேரம் நடந்திருக்குமோ! பழைய வெள்ளிச் சக்கரம் மிளகு அளவுக்குச் சற்றுப் பெரியது, விரலால் எண்ண முடியாது. அதற்கென்றே குழி குழியாகத் தோண்டிய 'சக்கரப் பலகை' உண்டு. காசைக் கொட்டி, பலகையை ஆட்டி, மிச்சத்தை வழித்துவிட்டால் எல்லாக் குழியிலும் ஒவ்வொன்று. பலகையில் எத்தனை குழியோ அத்தனை சக்கரம். அமெரிக்க வங்கியின் காகித உருளைக்கு நம் மலையாளத்து அண்ணன் என்று சொல்லலாம்.

ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நம் ஊர்களிலிருந்து மலையேறிப் போனவர்கள் ஏராளம். அவர்கள் திரும்பும்போது மடியில் வந்தவை இந்தச் சக்கரங்களும் காசுகளும். 1949-இல் திருவாங்கூர்-கொச்சி ஒன்றாகும் வரை அந்த நாணயங்கள் அடிக்கப்பட்டன. எங்கள் அம்மாச்சியின் தகர டப்பாவில் இரண்டு விக்டோரியா காலணா, ஐந்தாறு ஓட்டைக் காலணா, ஒரு கைப்பிடி நயா பைசா, இவற்றுக்கு நடுவே ஒரு வெண்கலச் சக்கரம் இருந்தது. ஒரு பக்கம் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் தலை, மறுபக்கம் சங்கு. அதில் இருப்பது கொல்லம் ஆண்டு; ஏறக்குறைய 825 கூட்டினால் நம் கணக்கு வரும்.

"இது எப்படி அம்மாச்சி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். "எங்கய்யா மலைக்குப் போயிட்டு வருவாருல்ல, அப்ப கொண்டாந்தது. இந்தப் பக்கம் செல்லாதுன்னு சாமி படத்துக்குப் பின்னால போட்டு வச்சோம்" என்றார். எங்கள் குடும்பத்தில் யாரும் டைரி எழுதியதில்லை. எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார், எந்த வருஷம் போனார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. என் முப்பாட்டன் மலையேறிப் பிழைத்தார் என்பதற்கு இன்று எங்கள் கையிலிருக்கும் ஒரே அத்தாட்சி அந்தச் சங்குக் காசு. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. அதற்கு முந்தைய தலைமுறைக்கு மலையின் எல்லை என்பது சில்லறை மாற்றும் இடமாகத்தான் இருந்தது. அந்த நினைவைத் தாங்கி நிற்பவை இந்தச் செல்லாக்காசுகள்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். பெரியாறு அணைக்காக 1886 அக்டோபர் 29-இல் எழுதிய குத்தகைப் பத்திரப்படி, 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய் திருவாங்கூருக்குத் தர வேண்டும். அதை வெள்ளி ரூபாயாக எடை போட்டால் 466 கிலோ. சக்கரமாக மாற்றினால் பதினோரு லட்சத்து நாற்பதாயிரம். பென்னிகுவிக் கட்டி, 1895-இல் திறக்கப்பட்ட அணையின் தண்ணீரால் நம் பள்ளத்தாக்கு விளைந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தண்ணீரின் வாடகை இவ்வளவு வெள்ளி என்று மனக்கண்ணில் பார்த்தால் வரலாறு கொஞ்சம் கனக்கிறது.

இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் போடிக்குப் போகலாம். போடிநாயக்கனூரில் வெள்ளி முத்திரைக் காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, எடைக்குத் தகுந்தபடி ஓரத்தை நறுக்கி, முத்திரைகளை ஒவ்வொன்றாகக் குத்திய காசுகள். பின்புறத்தில் மீன் குறி. அதனால் அறிஞர்கள் அவற்றைப் பாண்டியர் வெளியீடு என்று கருதுகிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்தில் யாரோ ஒருவர் நல்ல காசைப் பொறுக்கிப் புதைத்திருக்கிறார்! (நாணய நூல்களில் வரும் 'ஆண்டிப்பட்டிக் காசு' நம்ம ஆண்டிப்பட்டி என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டி. சங்க கால ஈயக் காசு.)

நம் காலத்துக் காசு

சரி, நம் தலைமுறைக்கு வருவோம். 1968 முதல் 1971 வரை பித்தளை நிறத்தில் 20 பைசா வந்தது. தாமரைப் பூப் போட்டது ஒன்று, 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு இன்னொன்று. அதில் தங்கம் கலந்திருப்பதாக எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. தங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. செம்பும் அதோடு மற்ற உலோகங்களும்தான். ஆனாலும் தாமரைக் காசு 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைக்கும் வழக்கத்தால் அது பிழைத்தது. பக்தி காப்பாற்றிய நாணயம் அது.

அந்தக் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்றால், 1971-இல் சிறு நாணயங்கள் குற்றங்கள் சட்டம் என்று தனியாக ஒரு சட்டமே வந்தது. சில்லறையை உருக்கினாலும், தேவைக்கு மிஞ்சிப் பதுக்கினாலும் தண்டனை. 1972-இல் 25, 50 பைசாக்களில் நிக்கலைக் குறைத்து, செம்பு-நிக்கல் கலவைக்கு மாறினார்கள். 2011 நாணயச் சட்டம் பழைய சட்டங்களைத் தொகுத்து எடுத்துக்கொண்டது. இப்போதும் நாணயத்தை உருக்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2007 வாக்கில் நம் எஃகு நாணயங்கள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு சவர பிளேடு ஆகின்றன என்று செய்திகள் வந்தது நினைவிருக்கும்.

2011 ஜூன் 30-ஓடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. கல்லூரி நாட்களில் டீக்கடை மேஜையில் சுண்டி விளையாடிய நாலணா ஒரே நாளில் வரலாறானது. தண்டவாளத்தில் பத்துப் பைசா வைத்தால் ரயில் ஏறிக் காந்தமாகிவிடும் என்று சின்ன வயதில் நம்பினோமே, அலுமினியம் எப்படி ஏறி நசுக்கினாலும் காந்தமாகாது. அதை விளக்கப் பிறகு ஓர் இயற்பியல் பேராசிரியர் தேவைப்பட்டார்.

எப்படிப் பார்ப்பது?

டப்பாவைக் கொட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

காந்தம் வையுங்கள். 1947 ரூபாய், 1957-க்குப் பிந்தைய 25, 50 நயா பைசா நிக்கல் நாணயங்கள் ஒட்டும். செம்பு, வெண்கலம், வெள்ளி, அலுமினியம், செம்பு-நிக்கல் ஒட்டாது. வெள்ளி என்று சொல்லி விற்கும் 'விக்டோரியா ரூபாய்' ஒட்டினால் அப்படியே கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எடை போடுங்கள். நகைக்கடைத் தராசு போதும். கணிதப் பேராசிரியர் டி.டி.கோசாம்பி பழைய முத்திரைக் காசுகளை ஆராய்வதற்கு முன்னால், புழக்கத்தில் இருந்த சாதாரண நாணயங்களை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பழகினார். கைபடக் கைபடக் காசு தேய்கிறது. எத்தனை காலம் புழங்கியதோ அத்தனை எடை குறைகிறது. அதை வைத்துப் பழங்காசுகளின் வரிசையையே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். உருளை பிரித்துத் தேடும் வேலையை ஒரு விஞ்ஞானமாக்கிய மனிதர் அவர்.

தேதிக்குக் கீழே பாருங்கள். சுதந்திர இந்திய நாணயங்களில் சிறு வைரக் குறி இருந்தால் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. 1911 ரூபாயில் ஜார்ஜ் மன்னரின் அங்கியிலுள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று கலவரமாகி, 1912-இல் துதிக்கையைச் சரிசெய்தார்கள். 'பன்றி ரூபாய்' அகப்பட்டால் பத்திரம்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! நம் வீடுகளில் செம்பு என்றாலே புளிதான். பளபளப்பு வரும், மேலே நூறு வருஷம் படிந்த பாசி போகும், கூடவே சேகரிப்பாளர் தரும் மதிப்பும் போகும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணிலிருந்து புதையல் கிடைத்தால் 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வயது தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. துபாய், அமெரிக்க நண்பர்கள் ராணி ரூபாயைப் பெட்டியில் வைக்காமல் ஊரிலேயே விட்டுச் செல்லவும்.

"உங்களிடம் உள்ள ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம்" என்று வரும் செல்போன் செய்திகளை நம்ப வேண்டாம். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கமிஷன் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. பெரும்பாலான ஓட்டைக் காலணாவும் நயா பைசாவும் சில பத்து ரூபாய்க்கு மேல் போகாது.

அப்படியானால் எதற்கு இந்த வேலை?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சமீபத்தில் தேனியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பித்தளைச் சாமான் குவியலுக்குள் ஒரு பை நிறையச் செப்புக்காசு கிடந்ததைப் பார்த்தேன். பெரியவர் ஒருவர் காலமானபின் வீட்டைக் காலி செய்தவர்கள் கிலோக் கணக்கில் போட்டுவிட்டுப் போனார்களாம். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் செம்பு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். பையில் சங்குக் காசு நாலைந்து இருந்தன. "எந்த ஊரு வீடுண்ணே?" என்று கேட்டேன். "யாருக்குத் தம்பி ஞாபகம் இருக்கு, தினம் பத்து மூட்டை வருது" என்றார்.

அந்தக் காசுகளை நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் அவை இப்போது வெறும் காசுகள். எந்த வீட்டிலிருந்து வந்தன, யார் மலைக்குப் போனார்கள், எதற்காகப் பத்திரப்படுத்தினார்கள் என்பதெல்லாம் அந்த வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சக்கரமும் கடையில் கிடந்த சக்கரமும் எடையில் ஒன்றுதான். ஒன்றுக்கு அம்மாச்சி இரண்டு வரி சொன்னார், இன்னொன்றுக்குச் சொல்ல ஆள் இல்லை. உலோகத்தை உருக்கினால் குற்றம் என்று சட்டம் இருக்கிறது. அந்த இரண்டு வரி உருகிப் போவதைத் தடுக்கச் சட்டம் கிடையாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி போதும். காசைக் கொடுக்க மனமில்லாதவர்கள் கொடுக்க வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்து, ஓர் அட்டையில் ஐந்து விவரம் எழுதிக் கொடுத்தால் போதும்: என்ன காசு, எந்த ஊர் வீடு, யார் வைத்திருந்தது, எப்படி வந்தது, சொன்னவர் யார். சின்னமனூர் நெல் வியாபாரி வீட்டு டப்பா வேறு மாதிரி இருக்கும், போடி ஏலக்காய் வியாபாரி வீட்டு டப்பா வேறு மாதிரி இருக்கும், கூடலூர்க் கூலிக்காரர் வீட்டு டப்பா இன்னொரு மாதிரி இருக்கும். நூறு அட்டை சேர்ந்தால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு நம் நூலகத்தில் இருக்கும். வரலாற்றுத் துறை மாணவர்கள் பட்டியல் போடட்டும், இயற்பியல் துறை மாணவர்கள் எடை போடட்டும், பொருளாதாரத் துறை மாணவர்கள் விலை விவாதிக்கட்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ அந்த டப்பாவை எடுத்து வரச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காசையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். காசு இன்னும் நூறு வருஷம் இருக்கும், அவசரமில்லை. அதைப் பற்றிச் சொல்பவர்களுக்குத்தான் வயதாகிக்கொண்டிருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!